மலர்நீரை முகத்துக்கும் கூந்தலுக்கும் பயன்படுத்துவதில் சில ஐயங்கள்

கேள்வி: செவ்வந்தி

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ எட்டு மாதங்களாக முகப்பூச்சுகளைக் குறைத்துக்கொண்டு, பன்னீர், லாவெண்டர் நீர், ஆரஞ்சுப்பூ நீர் ஆகிய மூன்றையும் முகத்துக்கும் தலைமுடிக்கும் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு வறண்ட சருமம். முடி சுருளானது, எளிதில் சிக்குப் பிடிப்பது. மலர்நீரின் மணமும் அதைத் தெளித்தவுடன் கிடைக்கும் குளிர்ச்சியும் எனக்கு மிகவும் பிடித்திருப்பதால் இதை விட்டுவிட மனமில்லை. ஆனால் சில ஐயங்கள் சேர்ந்துவிட்டன.

முதலாவது, முகத்தில் தெளித்த ஐந்தாறு நிமிடங்களில் தோல் இறுகிப்போவது போன்ற உணர்வு வருகிறது. ஈரப்பதம் தருவதற்காகப் பூசும் ஒன்று எப்படி வறட்சியைத் தரும் என்று புரியவில்லை. இரண்டாவது, என்னிடமுள்ள பன்னீர்ப் புட்டிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல இருக்கின்றன. ஒன்று அறை முழுவதும் மணக்கிறது. மற்றொன்றில் மணம் மென்மையாக, சற்றே தேன் கலந்தாற்போல இருக்கிறது. லாவெண்டர் நீரோ பூவின் மணத்தைவிட நனைந்த புல்லின் மணத்தையே நினைவூட்டுகிறது. இவற்றில் எது உண்மையானது என்று எப்படி அறிவது?

மேலும், களிமண் பொடியைப் பன்னீரில் குழைத்து ஒரு கிண்ணத்தில் மூடி வைத்திருந்தேன். நான்காம் நாள் திறந்தபோது மண் மணத்தோடு ஒரு புளித்த வாடையும் வந்தது. பயன்படுத்தாமல் கொட்டிவிட்டேன். அப்படியானால் புட்டியில் இருக்கும் மலர்நீரும் கெடுமா, எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி எழுந்தது. தோட்டத்துப் பூக்களைக் கொண்டு வீட்டிலேயே மலர்நீர் தயாரிக்கவும் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வாலைநீர்

வணக்கம் தோழி. பல ஆண்டுகளாகச் சிறிய செம்பு வாலை (ஆவியாக்கி வடிக்கும் கலம்) ஒன்றில் பூக்களை வடித்து வருபவன் என்ற முறையில், புட்டிக்குள் இருப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற ஐயங்களில் பாதி அதிலேயே தெளிந்துவிடும்.

நீரோடு கொதிக்கும் பூவிலிருந்து எழும் ஆவியைக் குளிரவைத்துச் சேகரிக்கும்போது, மேலே மெல்லிய படலமாக எண்ணெயும் அடியில் நீரும் கிடைக்கின்றன. அந்த நீர்தான் மலர்நீர். சித்த மருத்துவ நூல்கள் இவ்வாறு வடித்தெடுப்பதைத் தீநீர் என்கின்றன. அழகுப் பொருள்களின் உலகில் ஹைட்ரோசால் என்கிறார்கள். அதில் கரைந்திருக்கும் மணப்பொருள்களின் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. மீதி முழுவதும் நீர்தான். அந்தச் சிறு அளவினால்தான் நறுமண எண்ணெயைப் போலத் தோலைச் சுடாமல், நேரடியாகப் பூசக்கூடியதாக மலர்நீர் அமைகிறது. அதே காரணத்தால் அதனிடம் பெரிய மருத்துவ வல்லமையை எதிர்பார்ப்பதும் சரியல்ல.

உங்கள் இரண்டு பன்னீர்களைப் பொறுத்தவரை, மென்மையாக, தேன் சாயலோடு மணப்பதன் மீதுதான் எனக்கு நம்பிக்கை. ரோஜாவின் மணத்துக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று ஃபினைல் எத்தில் ஆல்கஹால் என்னும் பொருள். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இது தோலை உலர்த்தும் சாராயம் அன்று. இது நீரில் ஓரளவு நன்றாகக் கரையக்கூடியது என்பதால், வடிக்கும்போது எண்ணெயோடு போகாமல் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே நல்ல பன்னீரின் மணம், வடித்த ரோஜா எண்ணெயின் மணத்தைக் காட்டிலும் செடியிலிருக்கும் பூவின் மணத்துக்கு நெருக்கமானது. லாவெண்டரில் நேர்மாறாக நடக்கிறது. அதன் எண்ணெயில் இனிமையான மணம் தரும் லினாலைல் அசிட்டேட், நீராவியின் வெப்பத்தில் ஒரு பகுதி சிதைகிறது; எஞ்சியதும் நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் லாவெண்டர் நீரில் புல்லின் மணம் முந்திக்கொண்டு நிற்கிறது. உங்கள் லாவெண்டர் நீர் போலியாக இருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். போலி செய்பவர் மக்கள் எதிர்பார்க்கும் இனிய மணத்தைத்தான் கலந்திருப்பார்.

அறை முழுவதும் மணக்கும் புட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பொருள்பட்டியலில் ரோசா டமாசீனா ஃப்ளவர் வாட்டர் போன்ற தாவரப் பெயர் மட்டும், அல்லது அதோடு ஒரு பதனப்பொருளும் இருந்தால் நல்லது. வெறும் நீர், பர்ஃப்யூம், பாலிசார்பேட் 20 (வாசனை எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் பொருள்) என்று இருந்தால், வாசனைத் திரவியத்தை நீரில் கரைத்துப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். அவ்வாறு கரைப்பான் சேர்த்த நீரைக் குலுக்கினால் எழும் நுரை நெடுநேரம் அடங்காது. தூய மலர்நீரில் எழும் குமிழிகள் விரைவில் உடைந்துவிடும். இளஞ்சிவப்பாக இருக்கும் பன்னீரை வாங்கவே வேண்டாம். பூவின் நிறமி ஆவியாகி ஏறுவதில்லை என்பதால், வடித்த நீர் எந்தப் பூவுடையதாயினும் நிறமற்றதாகவே இருக்கும்.

வீட்டில் செய்வது கடினமன்று. அகன்ற, அடி கனமான பாத்திரத்தின் நடுவே ஒரு தாங்கியை வைத்து, அதன்மேல் சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தை வையுங்கள். தாங்கியைச் சுற்றி, பூச்சிமருந்து தெளிக்காத இதழ்களைப் பரப்பி, அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். குமிழ்ப் பிடி உள்ள மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் குழிவில் பனிக்கட்டிகளைப் போட்டு, சிறுதீயில் கொதிக்க விடுங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, சரிந்து வந்து, குமிழின் நுனியில் திரண்டு நின்று, ஒவ்வொரு துளியாகக் கிண்ணத்தில் விழும். கண்ணாடி மூடியாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உருகிய பனிநீரை அவ்வப்போது அகப்பையால் எடுத்துவிட்டுப் புதிய கட்டிகளை இடவேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் கைப்பழக்கம். இதழ்களின் எடை எவ்வளவோ அவ்வளவு நீர் கிண்ணத்தில் சேர்ந்ததும் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். பேராசையில் நீட்டித்தால், பின்னால் வருகிற நீரில் பூவின் மணம் அற்றுப்போய், வெந்த கீரையின் மணமே மிஞ்சும். அது முன்னால் வந்ததையும் கெடுத்துவிடும். புதிதாக வடித்த நீரிலும் ஒரு வேகல் வாடை இருக்கும். முதன்முறை நான் பயந்து கொட்டிவிட்டேன். அது நாள்போக்கில் தானே அடங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இதழ்களைக் கொதிக்கவைத்து வடிகட்டுவது மலர்நீர் ஆகாது, அது கஷாயம். ஒரு நாள்கூடத் தாங்காது. மல்லிகையை வடிக்க முயன்று ஏமாறவும் வேண்டாம். அதன் மணம் கொதிநீரின் வெப்பத்தைத் தாங்குவதில்லை. மணத்தொழிலிலும் அதைக் கொழுப்பில் ஊறவைத்தோ கரைப்பான்களைக் கொண்டோதான் எடுத்து வந்திருக்கிறார்கள்.

பதில்: நுண்துகள்

தோழிக்கும் வாலைநீர் ஐயாவுக்கும் வணக்கம். அழகுப் பொருள்களின் சேர்மானங்களை வடிவமைப்பது என் தொழில். ஐயா வடிப்பதைப் பற்றி அழகாக விளக்கிவிட்டதால், தோலின் பக்கத்தையும் கெடுதலின் பக்கத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

முகம் இறுகுவதற்குக் காரணம் எளிது. மலர்நீரில் தோலின் மேல் நீரைப் பிடித்து நிறுத்தும் பொருள் எதுவும் இல்லை. தெளித்த நீர் காற்றில் உலரும்போது, மேல்தோல் சற்று நேரம் உப்பி மீண்டும் சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே உங்களுக்கு இறுக்கமாகத் தெரிகிறது. மலர்நீர் உலர்வதற்கு முன்பே, அதாவது தெளித்த ஒரு நிமிடத்துக்குள், முகம் ஈரமாக இருக்கும்போதே உங்கள் கிரீமையோ சில துளி எண்ணெயையோ பூசிவிடுங்கள். 100 மில்லி மலர்நீரில் 3 கிராம் கிளிசரின் சேர்த்துக்கொள்வதும் நல்ல பயன் தரும். 5 கிராமைத் தாண்டினால் பிசுபிசுப்பு தொடங்கும். இதோடு, புட்டியில் சாராயம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறிப்பாக விட்ச் ஹேசல் என்னும் செடியிலிருந்து வடிக்கும் நீர் பெரும்பாலும் 14 சதவீத அளவில் எத்தில் ஆல்கஹால் சேர்த்தே விற்கப்படுகிறது. வறண்ட தோலுக்கு அது உகந்ததன்று.

பன்னீர் போன்றவை இலேசான அமிலத்தன்மை கொண்டவை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பும் பிஎச் (அமிலம், காரம் ஆகியவற்றை அளக்கும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-க்குச் சற்று மேலோ கீழோ இருக்கும் அமிலப் பரப்புதான். ஆகவே, பிஎச் 9 அல்லது 10-ஐ எட்டும் சோப்பால் கழுவிய பிறகு மலர்நீர் தெளிப்பது இதமாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சோப்பை மாற்றிவிட்டு மென்மையான முகக்கழுவியைப் பயன்படுத்துவதே மேலான தீர்வு என்பது என் கருத்து. மலர்நீர் தோலுக்கு இன்றியமையாதது அன்று. அது இனியது, இதமானது, கிரீமைப் பரப்பத் துணைபுரிவது. அந்த அளவில் அதற்கு உரிய இடத்தைக் கொடுத்தால் போதும்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. மலர்நீர் கெடும், கெட்டது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். மணமுள்ள நீர் என்பதால் அதில் கிருமி வளராது என்று பலர் நம்புகிறார்கள். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் மிகச் சொற்ப ஊட்டத்தைக் கொண்டு, காய்ச்சி வடித்த நீரிலேயே பெருகக்கூடியவை. மலர்நீரின் மெல்லிய மணப்பொருள்கள் அவற்றைத் தடுக்கப் போதுமானவை அல்ல. புட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பஞ்சு நூல் போன்ற ஒன்று அடியிலிருந்து சுருண்டு எழுந்தால் அது பூசணமாக இருக்கக்கூடும். வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். ஆனால் நீர் தெளிவாக இருப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. கலங்கலாகத் தெரிவதற்கு வெகு முன்பே ஒவ்வொரு மில்லியிலும் பல்லாயிரம் பாக்டீரியாக்கள் இருக்க முடியும்.

ஆகையால், வீட்டில் வடித்து எதுவும் சேர்க்காத நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிர் கிருமிகளின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. ஒரு வாரத்தில் முடிக்க முடியாததைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுத்து உருக்கிக்கொள்ளலாம். பதனம் செய்ய விரும்பினால் சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் பலர் கையாளும் இணை. ஆனால் அவை அமில நிலையில், ஏறத்தாழ பிஎச் 5-க்குக் கீழேதான் வேலை செய்யும் என்பதை மறந்துவிட்டால் சேர்த்தும் பயனில்லை. பிஎச் தாளில் சோதித்து, தேவையானால் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கியவற்றில், திறந்த டப்பா போன்ற குறியின்மேல் 6M என்றோ 12M என்றோ அச்சிட்டிருப்பது திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் காட்டும்.

களிமண்ணில் நடந்ததும் இதுதான். உலர்ந்த பொடியில் உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்களுக்கு நீங்கள் நீரைக் கொடுத்துவிட்டீர்கள். கொட்டியது சரியான முடிவு. ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் குழைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை பற்றியும் ஒரு சொல். இயற்கையானது என்பதனால் ஒவ்வாமை தராது என்ற உறுதி இல்லை. மலர்நீர்களில் இருக்கும் லினாலூல், ஜெரானியால், சிட்ரோனெல்லால் முதலியவை, ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, கழுவாமல் விட்டுவைக்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் குறிப்பிட்டே தீரவேண்டிய மணப்பொருள்கள். எந்தப் புதிய மலர்நீரையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஏழு முதல் பத்து நாள்கள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரே ஒரு நாள் சோதனை பலரைத் தவறாக நம்பவைக்கிறது. தோல் ஒவ்வாமை மெதுவாகவும் வெளிப்படக்கூடியது. வீட்டில் வடித்த பன்னீரைக் கண்ணுக்குள் விடுவதோ, ஆறாத புண்ணில் பூசுவதோ கூடவே கூடாது.

பதில்: சுருள்முடி

வணக்கம் செவ்வந்தி. முடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எனக்கும் இடுப்புவரை சுருள்முடிதான்.

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் உண்டு. நீர் பட்டால் அவை விட்டுக்கொடுக்கும், உலரும்போது மீண்டும் சேரும். காலையில் எழும்போது நசுங்கிக் கிடக்கும் சுருளின்மேல் மலர்நீரைத் தெளித்து, உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி மெல்லக் கசக்கிவிட்டால் சுருள் மீண்டும் திரள்வது இதனால்தான். இந்த ஒரு வேலைக்கு மலர்நீர் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் வெறும் நீரை மட்டும் தெளித்துவிட்டு உலரவிட்டால் முடி பறக்கத் தொடங்கும். தெளித்தவுடன் இரண்டு மூன்று துளி எண்ணெயைக் கைகளில் தேய்த்து, நடுமுடியிலிருந்து நுனிவரை தடவிவிட வேண்டும். சூட்டுக் கருவியால் நேராக்கிய முடிக்கு இதைத் தெளித்தால் செய்த வேலை வீணாகும். காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் கிளிசரின் கலந்த புட்டியை முடிக்குப் பயன்படுத்தாதீர்கள்; அது காற்றின் ஈரத்தையும் இழுத்து முடியைப் பொங்கவைக்கும்.

உச்சந்தலை வறண்டு அரிக்கும்போது லாவெண்டர் நீரை வகிட்டில் தெளித்துவிட்டு, நன்றாக உலர்ந்த பின்பே பின்னுவேன். ஈரமாக இருக்கும்போதே இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்குவது தலைக்கும் நல்லதன்று, முடிக்கும் நல்லதன்று. பொடுகு குறைவது போலவும் எனக்குத் தோன்றியிருக்கிறது. ரோஸ்மேரி நீர் முடி வளர்ச்சிக்கு உதவும் என்றும் பலர் சொல்கிறார்கள்.

பதில்: நுண்துகள்

சுருள்முடி அவர்கள் எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். மற்றவற்றில் முழு உடன்பாடு. பொடுகில் மலசீசியா என்னும் ஈஸ்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குக் கீட்டோகோனசோல், துத்தநாகப் பைரித்தியோன் போன்றவை கலந்த ஷாம்புகள் உள்ளன. மலர்நீரால் அரிப்புக்குச் சற்று நேரம் இதம் கிடைக்கலாம், பொடுகு தீராது.

ரோஸ்மேரி பற்றிய பேச்சுக்குப் பெரும்பாலும் அடிப்படையாகக் காட்டப்படுவது 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மறு பிரிவினருக்கு முடி வளர்ச்சிக்கான மருந்தாகிய 2 சதவீத மினாக்சிடிலும் ஆறு மாதம் கொடுத்து ஒப்பிட்டார்கள். இறுதியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அதில் பயன்பட்டது எண்ணெய். ரோஸ்மேரி நீர் அன்று. எண்ணெய்க்குக் கிடைத்த முடிவை அதைவிடப் பன்மடங்கு நீர்த்த வடிநீருக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது. அதற்காக யாரும் எண்ணெயை நீரில் சொட்டுவிட்டுத் தெளிக்கவும் வேண்டாம். எண்ணெய் நீரில் கரையாமல் மிதந்து, ஒருமுறை வெறும் நீராகவும் மறுமுறை செறிந்த எண்ணெயாகவும் தலையில் விழும்.

செவ்வந்தி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக முகம் ஈரமாக இருக்கும்போதே கிரீம் பூசிப் பார்த்தேன். இறுக்கம் அறவே இல்லை. அறை முழுவதும் மணக்கும் புட்டியின் பின்புறத்தில் ஐயா சொன்ன அதே பாலிசார்பேட்டும் பர்ஃப்யூமும் இருந்தன. ஆரஞ்சுப்பூ நீரை வெளிச்சத்தில் சாய்த்தபோது நூல் போன்ற ஒன்று எழுந்தது. எட்டு மாதமாக அதை முகத்தில் தெளித்து வந்திருக்கிறேன் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது, கொட்டிவிட்டேன். இந்த வாரம் தோட்டத்து ரோஜாவை வடிக்கப் போகிறேன். அந்த ஆரஞ்சுப்பூ நீர் இருந்த தெளிப்பான் புட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாமா?

பதில்: வாலைநீர்

கண்ணாடிப் புட்டியானால் சோப்பு நீரில் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் இட்டு, கவிழ்த்து முழுவதும் உலரவிட்டுப் பயன்படுத்துங்கள். தெளிப்பானின் குழாயையும் மூக்கையும் மட்டும் மாற்றிவிடுங்கள். அதற்குள் இருக்கும் சுருள்கம்பியும் சிறு அடைப்பானும் எப்படிக் கழுவினாலும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பழைய புட்டியிலிருந்து புதிய நீருக்குக் கிருமி தொற்றுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். ரோஜாவைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, அன்றைக்கே வடித்துவிடுங்கள். முதல் முறை வடித்தது போதவில்லை என்று தோன்றினால், அதே நீரைப் புதிய இதழ்கள் மீது ஊற்றி இன்னொரு முறை வடிக்கலாம். மணம் தெளிவாகக் கூடும்.